மாமா கயிற்றை இழுத்த ஆகஸ்ட் பதினைந்து

நம் பள்ளிக்கூடக் குழுவில் தினமும் காலையில் ‘விளையாட்டு வரலாற்றில் இன்று’ என்று ஒன்று வந்து விழுகிறது. அனுப்புகிறவள் யாரென்று உங்களுக்கே தெரியும். விளையாட்டுப் பீரியட் வந்தாலே வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புளியங்காய் தின்றவள். இப்போது மகளோடு வெளிநாட்டில் இருந்துகொண்டு, எந்தத் தேதியில் எந்த ஊரில் யார் எத்தனை கோல் போட்டார்கள் என்று நமக்குப் பாடம் நடத்துகிறாள். நானும் அதைப் படித்துவிட்டு, ஒரு கும்பிடு படத்தைப் போட்டுவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

இந்த ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி வந்ததை மட்டும் அப்படி விட முடியவில்லை. நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்னால், இதே தேதியில்தான், ஜெர்மனியில் நடந்த ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் நம் அணி எட்டுக்கு ஒன்று என்று அந்த ஊர்க்காரர்களையே அடித்தது என்று போட்டிருந்தாள். அதற்குக் கீழே நம்மில் ஒருத்தி எழுதினாள்: ‘நம்ம ஊரு வரலாற விட்டுட்டியேளா. இன்னைக்குத்தான பாலத்துல ஒருத்தரு கயித்த இழுத்தாரு.’ உடனே சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன. சிலர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற முகத்தையும் போட்டிருந்தீர்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கயிறு யாருடைய கையில் இருந்தது என்பது உங்களில் பாதிப் பேருக்கு மறந்திருக்கும். நம் ஊரில் அந்த வார்த்தை ஆளை விட்டுப் பிரிந்து வெகுகாலம் ஆயிற்று. சீட்டு விளையாட்டில் கூட்டாளி சொதப்பினால் ‘கயித்த இழுத்துட்டியடே’ என்கிறார்கள். பேசி முடித்த கல்யாணத்தில் யாராவது பின்வாங்கினாலும் அதுதான், கால்பந்தில் பந்தைக் கோட்டை விட்டாலும் அதுதான். அந்த மனிதர் யாரென்றே தெரியாமல் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லுகின்றன.

அந்தக் கயிற்றைப் பிடித்தவர் என் தாய்மாமா. கடலுக்குள் இருந்தவர் என் அப்பா. குழுவில் பதில் எழுதப் போனில் தட்டிப் பார்த்தேன், விரல் வலித்தது, பேத்தி வேறு எட்டிப் பார்த்தாள். அதனால் உட்கார்ந்து இங்கே எழுதுகிறேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் கச்சான் காற்று பிசாசு மாதிரி அடித்தது. மேற்கேயிருந்து வந்து, தெருப் புழுதியையும் கருவாட்டு நாற்றத்தையும் அள்ளிக்கொண்டு கடலுக்குப் போகும் காற்று அது. சோற்றில் மணல் விழும். காயப்போட்ட பாவாடை பக்கத்துத் தெருவில் கிடக்கும். அந்த மாதங்களில் சங்குக் குளிப்பு கிடையாது. அப்பாவைப் போலச் சங்கு குளிக்கிறவர்கள் கரையில் வலையைப் பிரித்து, கதை பேசி, பெண்டாட்டிகளிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு இருப்பார்கள். காற்று அடங்கியதும் சம்மாட்டிகள் தங்கள் வள்ளத்துக்கு ஆள் பிடிப்பார்கள். சம்மாட்டி என்றால் வள்ளத்துக்குச் சொந்தக்காரர். அவர் விரலை நீட்டி ‘நீ வா’ என்று சொன்னால்தான் அந்த வருஷம் வீட்டில் அடுப்பு எரியும்.

அவர் விரலை நீட்டாத ஆட்களும் உண்டு. எங்கள் தெரு முனையில் ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் அப்பாவைவிடப் பெரிய ஆள் என்பார்கள். ஒருநாள் கடலுக்கடியில் நினைவு தப்பிவிட்டது. தூக்கிப் போட்டுப் பிழைக்க வைத்துவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு எந்தச் சம்மாட்டியும் அவரை ஏற்றவில்லை. ஒரு தடவை மூச்சு முறிந்தவனை மறுபடி ஏற்றினால் வள்ளத்துக்கே ஆகாது என்பது அவர்கள் நினைப்பு. அவர் மீன் ஏலக் கூடத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டு இருந்தார். நாங்கள் பிள்ளைகள் போய் நின்றால் ஒரு துண்டு ஐஸ் கொடுப்பார். ‘அவருகிட்ட ரொம்ப நிக்காதளா’ என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

அப்பாவுக்கு ஒரு காது பாதி மந்தம். கண் எப்போதும் சிவந்திருக்கும். கரையில் இருக்கும்போது அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் விளையாட்டு வர்ணனை கேட்பது. வீட்டில் ரேடியோ கிடையாது. முடிவெட்டும் கடை வாசலில் போய் நிற்பார். உள்ளே உட்கார்ந்தால் முடிவெட்ட வேண்டியிருக்குமே என்று வாசலிலேயே நிற்பார். அந்தக் கடை அண்ணாச்சிதான் அவருக்கு அந்த ஹாக்கிக் கதையைச் சொன்னது. ஆட்டத்தின் பாதியில் நம் அணித் தலைவர் பூட்சைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஆடினார் என்று அண்ணாச்சி சொல்லுவார். அப்பா அதை வீட்டில் வந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

“ஆகஸ்ட் பதினஞ்சுல நமக்குத் தோல்வியே கெடையாதுளா. மாதா மோட்சத்துக்குப் போன நாளு, கொடி ஏத்துன நாளு, ஜெர்மன்காரன அடிச்ச நாளு. எல்லாம் ஒண்ணாப் போயி விழுந்திருக்கு பாத்தியா?”

அந்த வருஷம்தான் துறைமுகத்தில் சுதந்திர தினத்துக்கு ஒரு போட்டி வைத்தார்கள். கடலுக்குள் நீளும் பழைய பாலத்துக்குப் பக்கத்தில், காற்று அதிகம் படாத தண்ணீரில், சங்கு குளிக்கிறவர்கள் இறங்கி மூச்சடக்க வேண்டும். அதிக நேரம் இருந்தவருக்கு ஒரு ரேடியோ. அதைப் பெரிய ஜவுளிக்கடையின் கண்ணாடி அலமாரியில் ஒரு மாதத்துக்கு முன்பே வைத்துவிட்டார்கள். பழுப்பு நிறப் பெட்டி, முன்னால் தங்க நிறத் துணி, இரண்டு வெள்ளைத் திருகு. கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு வருவேன். என் மூக்கு அச்சைத் துடைத்துத் துடைத்து அந்தக் கடைப் பையனுக்கு என்னைக் கண்டாலே எரிச்சல்.

அம்மா அதற்குள் ரேடியோவுக்கு உறை பின்ன ஆரம்பித்துவிட்டாள். வெள்ளை நூலில் ரேந்தைப் பின்னல், ஓரத்தில் நீல வரி. சோறாக்கும் குசினிச் சுவரில் அப்பா ஒரு பலகை அடித்தார். ஜெயிப்பதற்கு முன்பே இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

அப்பா பாயில் மல்லாந்து படுத்து, என்னை வயிற்றில் உட்கார வைத்து மூச்சடக்கிப் பழகுவார். கொஞ்ச நேரத்தில் அவர் வயிறு அசையாமல் போய்விடும். கண் மூடியிருக்கும். தெருவில் சைக்கிள் போகிற சத்தமெல்லாம் கேட்கும், அப்பா மட்டும் இல்லாதது போல இருக்கும். எனக்குத் தாங்காது. அவர் மூக்கைப் பிடித்துக் கிள்ளிவிடுவேன். பொசுக்கென்று எழுந்து, “கொஞ்சம் பொறுக்க மாட்டியாளா?” என்று ஏசுவார். மாமா அதைப் பார்த்துச் சிரிப்பார். “விடுங்க மச்சான். கயிறு புடிக்க என்னைவிட நல்ல ஆளு கெடச்சிட்டு” என்பார்.

மாமா அம்மாவின் தம்பி. அப்பாவின் கயிற்றை அவர்தான் பிடிப்பார். உங்களில் கடற்கரைத் தெருக்காரிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடலில் முங்குகிறவன் இடுப்பில் கயிறு இருக்கும், அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் ஒருவன் நிற்பான். கீழே இருப்பவன் ஒரு இழு இழுத்துச் சாடை காட்டியதும் மேலே தூக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சினன்தான் பிடிப்பான். கூடப் பிறந்த தம்பி என்றால் சொத்துக்கு ஆசைப்பட்டு விட்டுவிடுவானாம், மச்சினன் தன் அக்காள் தாலியை நினைத்து விடமாட்டானாம். இதை ஆண்கள் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார்கள். ஆனாலும் மச்சினன் இல்லாதவர்கள் கடலில் இறங்கத் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

மாமாவின் உள்ளங்கை தேங்காய் மட்டை போல இருக்கும். அந்தக் கையால் என் கன்னத்தைத் தடவினால் எரியும். பக்கத்தில் வந்தால் கயிறும் வெற்றிலையும் சேர்ந்து மணக்கும். வரும்போதெல்லாம் பேக்கரியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தில் மக்ரூன் வாங்கி வருவார். வாயில் போட்டதும் கரைந்துபோகும், மற்றவர்களுக்கு முன்னால் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் இரண்டு கையாலும் எடுப்பேன். அவருக்கு அப்போதுதான் கல்யாணம் கூடி வந்திருந்தது. எங்கள் பின்தெருவில் தையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா. கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் வாசிக்கும்போது, பெண்கள் பக்கத்தில் முக்காட்டுக்குள் அந்த அக்கா குனிந்துகொண்டதை நான் முட்டிபோட்டபடியே பார்த்தேன். மூன்றாம் ஓலை சுதந்திர தினத்துக்கு அடுத்த ஞாயிறு.

போட்டி அன்று காலைப் பூசைக்குப் போனோம். பிறகு பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம், பூந்திப் பொட்டலம். பூந்தியைத் தின்னாமல் பாவாடையில் முடிந்துகொண்டு அம்மாவோடு பாலத்துக்கு ஓடினேன். பாலம் முழுக்கத் தலைகள். ஒலிபெருக்கியில் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். தண்ணீரில் ஒரு விசைப்படகு நின்றது, அதில் துறைமுக அதிகாரி ஒருவர் கடிகாரத்தோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு மணி. இறங்கினவர் அதுவரை முதலில் இருப்பவரின் நேரத்தைத் தாண்டினால் மணி அடிப்பார்கள். மணிச்சத்தம் கேட்டால் ஜெயித்தாகிவிட்டது என்று அர்த்தம்.

பக்கத்தில் நின்ற ஒரு வள்ளத்திலிருந்து ஒவ்வொருவராக இறங்கி ஏறினார்கள். வடக்குத் தெருக்காரர் ஒருவர் எல்லோரையும் தாண்டிவிட்டார். அவர் தண்ணீருக்குள் இருக்கும்போதே மணி அடித்தது, பாலம் அதிர்ந்தது. கடைசி ஆள் அப்பா.

அப்பா சிலுவை போட்டுக்கொண்டார். ஆளை அடிக்கு இழுத்துப் போகும் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், தண்ணீர் மூடிக்கொண்டது. கயிறு மாமாவின் கையில் சரசரவென்று ஓடி, பிறகு நின்றது. ஒலிபெருக்கிக்காரர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார். மாமா தண்ணீரைப் பார்க்கவே இல்லை. கடற்கரைப் பக்கமாக எங்கேயோ பார்த்துக்கொண்டு, விரலில் மட்டும் கயிற்றை வைத்துக்கொண்டு நின்றார். அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள், அவள் நகம் பதிந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடியே ஒரு கையைத் தூக்கினார், மணிக்காரன் தயாரானான். இன்னும் கொஞ்சம்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அப்போது மாமா இழுத்தார். இரண்டு கையாலும், வெறி பிடித்தவர் போல இழுத்தார். மணிக்காரனின் கை அப்படியே நின்றுவிட்டது.

பாலத்தில் எழுந்த அந்தச் சத்தத்தை நான் மறுபடி எங்கும் கேட்டதில்லை. அப்பாவின் தலை மேலே வந்ததும் மாமா அவரை அக்குளில் பிடித்து வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டார். தன் தோளில் கிடந்த துண்டை அப்பாவின் முகத்தில் போட்டு மூடி, அவர் மேலேயே குப்புற விழுந்தார். முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. “அடிச்சிக்கிடுதானுவடே” என்று பின்னால் ஒருவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா எழுந்து உட்கார்ந்தார், தலையில் துண்டோடு. எல்லோரும் வாயை மூடியிருந்த அந்த நேரம் பார்த்து அவர் கேட்டார்.

“ஏம்ல இழுத்த?”

தண்ணீர் மேல் வந்த குரல், பாலம் முழுக்கக் கேட்டது. மாமா அவரைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று அதிகாரி இருந்த படகைப் பார்த்துக் கத்தினார்.

“சாடை காட்டுனாருன்னு நெனச்சிட்டேன் சார். எம்மேலதான் பெசகு.”

அவ்வளவுதான் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த வரலாறு. அக்காள் தாலிக்குப் பயந்து இழுத்துவிட்டான் என்று பாதிப் பேர் சொன்னார்கள். வடக்குத் தெருவுக்கு விலைபோய்விட்டான் என்று மீதிப் பேர் சொன்னார்கள். ரேடியோ வடக்குத் தெருவுக்குப் போனது. நான் பாவாடையில் முடிந்த பூந்தியை அவிழ்த்துப் பார்த்தேன், நசுங்கிப் போயிருந்தது.

மற்றது எங்கள் வீட்டுக்குள் நடந்தது. அன்று சாயங்காலம் அம்மா கிணற்றடியில் மாமாவின் துண்டைக் கசக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது. என்னம்மா இது என்றேன். “ஒங்க மாமா வெத்தல எச்சிளா” என்றாள். மாமா வெற்றிலை போடுகிறவர்தான், அதனால் நம்பிவிட்டேன். பிறகு குசினிக்குள் அப்பா அவளிடம் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. காது மந்தமான ஆள், தாழ்ந்த குரல் என்று அவர் நினைப்பதே அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

“கல்ல விட்டது வரைக்கும் நெனவு இருக்கு. பொறவு வள்ளத்துலதான் முழிச்சேன். நடுவுல ஒண்ணும் இல்ல.”

“இத எங்கிட்டச் சொன்னதோட இருக்கட்டும். வெளிய ஒரு வார்த்த மூச்சு விட்ராதிய” என்றாள் அம்மா.

எனக்கு அது ஒன்றும் புரியவில்லை. பெரியவர்கள் பேச்சில் புரியாதது எத்தனையோ இருக்கும், அதில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் சம்மாட்டி வந்தார். வாசலில் நாற்காலி போட்டோம். அப்பா நின்றார், மாமா கதவு நிலையில் சாய்ந்து, உள்ளங்கையில் ஏறியிருந்த கயிற்றுச் சிலாம்பை ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தார்.

“என்னடே நடந்துச்சு? உனக்கு மூச்சு ஏதும் முறிஞ்சிட்டா?” என்று கேட்டார் சம்மாட்டி.

“அதெல்லாம் இல்ல மொதலாளி. நல்லாத்தான் இருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பேன். இவன்தான் அவசரப்பட்டுட்டான்.”

அப்பா இதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா ஊசியை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். சம்மாட்டி திரும்பி மாமாவிடம், “அப்ப இனி இவரு கயித்த வேற ஆளு புடிக்கட்டும். நீ வள்ளத்துக்கு வராண்டாம்” என்றார். மாமா சரி என்று தலையை ஆட்டினார். கயிற்றை எடுத்துச் சுருட்டி, சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். அம்மா சம்மாட்டிக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தெருவில் நடக்க முடியவில்லை. கடைக்குப் போனால், “கயிறு மாமன் மருமவ வந்திருக்கு” என்பார்கள். பையன்கள் பின்னால் வந்து என் சடையைப் பிடித்து இழுத்து, “சாடை காட்டுனியோன்னு நெனச்சேன்” என்று சொல்லி ஓடுவார்கள். முடிவெட்டும் கடை அண்ணாச்சி மட்டும் அவர்களை விரட்டுவார். எனக்கு மாமாவைக் கண்டாலே அழுகை வந்தது. இப்படி ஒரு மாமா ஏன் வாய்த்தார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் ஓலை வாசித்தார். வேறு இரண்டு கல்யாணங்களை வாசித்தார். அடுத்தது நம் மாமா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். சாமியார் காகிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார். கோயிலில் ஒரு சலசலப்பு ஓடியது. முதல் நாள் சாயங்காலமே பெண்வீட்டார் சாமியாரிடம் போய் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. ஆண்கள் பக்கத்தில் மாமா புதுச்சட்டையோடு நின்றார். அப்பா அவருக்குப் பக்கத்திலேயே நின்றார். அன்று அந்த இடத்தில் அப்பா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பூசை முடிந்ததும் அப்பா வேகமாக முன்னால் நடந்துவிட்டார், மாமா தனியாக வந்தார்.

சில நாளில் மாமா வேம்பாருக்குப் போய்விட்டார். அங்கே உப்பளத்தில் வேலை. கிளம்பும்போது அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் தூங்கவில்லை. தூங்குகிற அப்பாவுக்குக் குறட்டை வரும். “போயிட்டு வாரேங்க்கா” என்று சொல்லிவிட்டு மாமா என் கன்னத்தைத் தடவினார், நான் முகத்தைத் திருப்பவில்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை. பிறகு அங்கேயே, பிள்ளைகளோடு இருந்த ஒரு விதவையைக் கட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம். எங்கள் வீட்டிலிருந்து யாரும் கல்யாணத்துக்குப் போகவில்லை. ரேந்தை உறையை அம்மா தண்ணீர்ப் பானைக்கு மூடியாகப் போட்டாள். நீல வரி வெளுத்துப் போகும்வரை அது கிடந்தது.

அப்பாவைச் சம்மாட்டி ஏற்றிக்கொண்டார். வேறு ஒருவர் கயிறு பிடித்தார். அப்பா அதற்குப் பிறகு சீக்கிரம் சீக்கிரமாக மேலே வந்துவிடுவார் என்று கேள்வி. ஆனாலும் பல வருஷம் கடலில் இறங்கினார், நாங்கள் சாப்பிட்டோம், நான் நர்ஸ் படிப்புப் படித்தேன். ஆகஸ்ட் பதினைந்து வந்தால் மட்டும் முடிவெட்டும் கடைப் பக்கம் போகமாட்டார். ஹாக்கிக் கதையை அவர் மறுபடி சொல்லி நான் கேட்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சங்கு குளிக்கிற ஒரு இளம்பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு கறுத்து, மூக்கில் ரத்தம். கடலுக்கடியில் நினைவு தப்பியிருக்கிறது. நான் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கண்ணைத் திறந்தான். பக்கத்தில் நின்ற மச்சினனைப் பார்த்துக் கோபமாகக் கேட்டான்.

“ஏம்ல இழுத்த? நான் நல்லாத்தான இருந்தேன்?”

அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. மூச்சு முட்டியதே தெரியவில்லை. என் கையில் சிவந்த துணி இருந்தது. கிணற்றடியில் ஓடிய தண்ணீர் ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேட்டேன். அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

“அன்னைக்கே தெரியும்ளா. ஒங்கப்பா மூச்சு முறிஞ்சிட்டுன்னு வெளிய தெரிஞ்சிருந்தா அவரும் ஐஸ் ஒடைக்கத்தான் போயிருக்கணும். எந்தம்பி ஒத்தக்கட்ட. எங்கன போனாலும் பொழச்சிக்கிடுவான்னு நெனச்சோம்.”

“அந்தக் கல்யாணம்?”

அம்மா ஒரு இறாலை உரித்துப் போட்டாள். “அந்தப் புள்ள நல்ல புள்ள” என்றாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பாவிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. வேம்பாருக்கு பஸ் ஏறினேன். மாமா என்னை வெள்ளைச் சேலையில் பார்த்துவிட்டு, “நர்ஸம்மா வந்துட்டாவ” என்று வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். உப்பில் வெடித்த கால். உள்ளங்கை மட்டும் அதே கைதான். பனங்கிழங்கு அவித்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் விளையாடப் போனதும் கேட்டேன்.

“கயித்துல உயிரு இருக்கும்ளா. கீழ அவரு சும்மா நின்னாலும் எனக்குத் தெரியும். அன்னைக்குத் திடீருன்னு செத்துப் போச்சு. அதான் இழுத்தேன்” என்றார்.

“பொறவு ஏன் மாமா ஒங்க மேல பெசகுன்னு சொன்னிய?”

“கண்ணு முழிச்சதும் ஏம்ல இழுத்தன்னு ஊருக்கு முன்னால கேட்டுட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? உமக்கு மூச்சு முறிஞ்சிட்டு மச்சான்னா?” சிரித்தார். பிறகு கிழங்கின் நாரை உரித்துக்கொண்டே சொன்னார், “ஒரு வார்த்த சொல்லுவாருன்னு கொஞ்ச நாள் பாத்தேன். கோயில்ல வச்சுகூடப் பாத்தேன். பொறவு விட்டுட்டேன்.”

திரும்பி வரும் பஸ்ஸில் என் வெள்ளைச் சேலையைப் பார்க்க எனக்குக் கூசியது. அதன் ஒவ்வொரு முழமும் அந்த மனுஷன் பெயரை விற்று வாங்கியதாகத் தோன்றியது. அப்பாவை நான் வெறுக்கவில்லை, தோழிகளே. என்னை வயிற்றில் உட்கார வைத்து மூச்சடக்கியவர். அவருக்காகத்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அப்பா வயதாகிப் படுக்கையில் இறந்தார். கடைசிவரை சொல்லவில்லை. சாவுக்குச் சொல்லி அனுப்பும்போது மாமாவுக்குச் சொல்ல வேண்டுமா என்று அம்மா யோசித்தாள், நான் ஆள் அனுப்பினேன். கல்லறையில் பெட்டியை இறக்கப்போகும் நேரத்தில் மாமா வந்து சேர்ந்தார். பஸ் தாமதமாம். தலை முழுக்க வெள்ளை, அவருக்கும் காது போயிருந்தது. யாரிடமும் பேசவில்லை. பெட்டியின் தலைமாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பையனிடம் போய்க் கையை நீட்டினார்.

“கொண்டாடே. மச்சான் கயிறு நாந்தான் புடிக்கணும்.”

பையன் கொடுத்துவிட்டான். கூட்டத்தில் பின்னால் இருந்து ஒரு குரல், “பாத்துவே. இழுத்துராதியும்” என்றது. கல்லறை என்றும் பாராமல் சிலர் சிரித்தார்கள். நீங்களும் சிலர் வந்திருந்தீர்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

மாமா அந்தச் சிரிப்பைக் கேட்டாரா, தெரியாது. பெட்டி ஒரு பக்கமும் சாயாமல் மெதுவாகக் கீழே போனது. அடியைத் தொட்டதும் மற்றவர்கள் கயிற்றைத் தளர்த்தினார்கள். மாமா மட்டும் தளர்த்தவில்லை. விரலில் கயிற்றை வைத்துக்கொண்டு, குழியைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு வள்ளத்தில் நின்றது போலவே நின்றார். கல்லறைக்காரன், “கயித்த உருவணும் பெரியவரே” என்றான். மாமா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

“யக்கா, இழுக்கட்டா?”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “இழு தம்பி. அன்னைக்கும் நீ சரியாத்தான் இழுத்த” என்றாள். அவ்வளவு மெல்லச் சொன்னாள், பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

மாமா காதில் கையை வைத்துக் குனிந்தார். “என்னக்கா சொன்ன?”

அம்மா சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல. இழு” என்றாள்.

மாமா இழுத்தார்.